ஒரு கட்டம் மட்டும் பாக்கி

சடையன் கம்மாக் காலனியில கம்ப்யூட்டருக்குள்ள இருந்து கோடு வெளிய வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் இட்லிக் கொப்பரையைக் கழுவிக் கவுத்துக்கிட்டிருந்த நேரம், அதனால நான் சொல்றதுதான் சரி, வேற யாராவது வேற மாதிரி சொன்னா அவுங்க அப்ப அங்க இல்லைன்னு அர்த்தம். நீலக் கலர்ல சாண் அகலத்துக்கு ஒரு கட்டம், அதை ஒட்டி இன்னொரு கட்டம், அதை ஒட்டி இன்னொண்ணுன்னு, ராணி ஸ்டுடியோ வாசப்படியைத் தாண்டி இடுப்பு உசரத்துக்கு வரிசை கட்டி வந்து, நடுவுல சந்து இருக்கேன்னு யோசிக்காம துணி காயப் போடுற கயிறு மாதிரி அந்தரத்துல தொங்கிக் கடந்து, என் கடைத் தட்டியில ஏறுச்சு. நான் விளக்கமாத்தை எடுத்தேன். விளக்கமாத்து மேலயும் ஏறுச்சு. சரி போய்த் தொலைன்னு விட்டுட்டேன், ஆயிரம் சோலி கிடக்கையில கோட்டோட மல்லுக்கு நிக்க முடியுமா?

அது ஏன் வந்துச்சுன்னு கேக்குறவங்களுக்கு மொதல்ல சகாயராணியைச் சொல்லணும். எங்க காலனியில தகரம் போட்ட வீடு இருக்கு, தார்ப்பாய் போட்ட வீடு இருக்கு, கீத்து வீடு இருக்கு, காங்கிரீட் போட்டது ராணி ஸ்டுடியோ ஒண்ணுதான். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, கல்யாணம், புது நன்மை, சுன்னத்து, கடைசியா நாற்காலியில சாத்தி உக்கார வச்சு மாலை போட்டு எடுக்கிற படம் வரைக்கும் எல்லாத்துக்கும் அவதான் வந்து நிப்பா. எடுத்து முடிச்சு, "பிரிண்டு போட்டுத் தரவா?"ன்னு கேப்பா. "உங்கிட்டயே இருக்கட்டும் ராணி, எங்க வீடு ஒழுகுது"ம்பாங்க. இது சோம்பேறித்தனம் இல்ல, பட்ட பாடு. ஒரு மழைக்கு ஒரு ஆல்பம்னு எத்தனை கல்யாணத்தைத் தண்ணியில விட்டிருக்கோம் தெரியுமா? அதனால காலனி மொத்தமும், உசுரோட இருக்கவங்களும் போயிட்டவங்களும், அவ கம்ப்யூட்டருக்குள்ள ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்குல இருந்தோம். பாக்கணும்னு தோணுனா ஞாயித்துக்கிழமை போய் பெஞ்சுல உக்காந்துக்குவோம், அவ ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிக் காட்டுவா, கல்யாணத்துல சண்டை போட்டுட்டுப் போன மச்சானைப் பாத்து மறுபடியும் ஒரு தடவை திட்டிட்டு வருவோம்.

அவ மகன் ஜெரால்டும் அதுலதான் இருந்தான். மூணாப்புப் படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து போயிட்டான் பிள்ளை. பிரிண்டு போட்டு மாட்டுன படத்தைக் கரையான் தின்னுருச்சு. டிஸ்க்குல, சர்ச்சுல புது நன்மை வாங்குன அன்னைக்கு வெள்ளைச் சட்டை போட்டு, கையில மெழுகுதிரியோட, முன்பல்லு ஒண்ணு இல்லாம சிரிக்கிற படம் இருந்துச்சு. தினமும் காலையில கடை தொறந்ததும் அவ மொதல்ல அதைத் தொறந்து பாத்துட்டுத்தான் அடுத்த வேலை. எல்லாரையும் எடுத்தவளை எடுக்கத்தான் ஆளில்ல. "நீயும் வந்து நில்லு ராணி"ன்னா, "அப்பப் பொத்தானை அமுக்குறது யாரு, உங்க மாமியாரா?"ன்னு கேப்பா.

அப்பத்தான் நாங்க குடியிருக்கது கண்மாய்க்குள்ள, கம்மா ஆக்கிரமிப்புன்னு வாசலுக்கு வாசல் நோட்டீஸ் ஒட்டுனாங்க. எங்க ஊரு பஸ் ஸ்டாண்டும் கம்மாக்குள்ளதான் இருக்கு, அதுக்குப் பின்னாடி நிக்கிற அஞ்சு மாடி ஜவுளிக்கடையும் கம்மாக்குள்ளதான் இருக்கு, அதுக்கெல்லாம் பசை காஞ்சு போச்சு போல, எங்க தகரத்துல மட்டும் நல்லா ஒட்டுச்சு. வக்கீல் சொன்னாரு, எத்தனை வருஷமா இங்க குடியிருக்கீங்கன்னு காட்டப் படம் இருந்தாக் கொண்டாங்க, தேதியோட இருந்தா இன்னும் நல்லதுன்னு. எல்லாரும் ராணி வாசல்ல போய் நின்னோம். அன்னைக்குப் பாத்து அவ கம்ப்யூட்டர் டொக்கு டொக்குன்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்துச்சு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குற அபுதாகிரைக் கூட்டிட்டு வந்தோம். அவன் பெட்டியைக் கழட்டி, டிஸ்க்கு மேல ஒட்டியிருந்த நம்பரைப் படிச்சுட்டு மூஞ்சி சுண்டிப் போய் உக்காந்துட்டான்.

"ராணிக்கா, இதுல படம் வேற, மூளை வேற. படத்தையெல்லாம் எப்படிப் படிக்கணும்ங்கிறதுக்குன்னு டிஸ்க்குக்குள்ளயே சின்னதா ஒரு மூளை இருக்கு, ஃபர்ம்வேருன்னு பேரு. இந்த மாடலுக்கு அந்த மூளையிலயே கம்பெனிக்காரன் தப்பு பண்ணி வச்சுட்டான். என்னைக்காவது ஒருநா ஆன் பண்ணும்போது, தான் யாருன்னே அதுக்கு மறந்து போயிரும். அப்புறம் படம் அத்தனையும் உள்ள இருக்கும், ஆனா ஒண்ணையும் எடுக்க முடியாது."

"காப்பி போட்டுர்றா தம்பி."

"போட்டுப் பாத்துட்டேன்க்கா. பத்துப் படம் போறதுக்குள்ள நின்னு நின்னு செத்துப் போகுது."

"இப்ப என்னடா பண்ணச் சொல்ற?" ராணி குரல் உடைஞ்சிருச்சு. அவ வேற எதுக்கும் உடைஞ்சு நான் பாத்ததில்ல.

வழி இருக்குன்னான். கம்பெனிக்காரனே தப்பை ஒத்துக்கிட்டுப் புது மூளை எழுதிச் சும்மா குடுக்குறானாம், அதை இறக்கி ஒரு சி.டி.யில அடிக்கணுமாம், கம்ப்யூட்டரைப் போட்ட உடனே ஒரு கீயைப் படபடன்னு அமுக்கி, இன்னைக்கு நீ உன் சொந்த டிஸ்க்குல இருந்து எந்திரிக்காத, இந்த சி.டி.யில இருந்து எந்திரின்னு சொல்லணுமாம். டிஸ்க்கு தூங்கிக்கிட்டிருக்கும்போதே அதுக்கு மூளையை மாத்திரணும், ரெண்டு நிமிஷ வேலை, ஆனா நடுவுல கரண்டு மட்டும் போகக் கூடாது, போனா எல்லாம் போச்சுன்னான்.

வெள்ளிக்கிழமை சி.டி.யோட வந்தான். வந்தவன் டீ குடிக்க என் கடைக்கு வந்தான், சி.டி. மேசை மேல இருந்துச்சு. எங்க காலனியில புதுசா எது வந்தாலும் பொட்டு வைக்காம உள்ள விடுறதில்ல. தையல் மெஷினுக்கு வச்சோம், ஆட்டோவுக்கு வச்சோம், ஓட்டுக்குக் குடுத்த மிக்ஸிக்கும் வச்சோம், அது ஒரு மாசம் ஓடுச்சு. பூவாயி அத்தை சந்தனக் கிண்ணத்தோட வந்து சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. ஒரு பக்கம் பேனாவால என்னவோ கிறுக்கியிருந்துச்சு, மறுபக்கம் பளபளன்னு அத்தை மூஞ்சியே தெரிஞ்சுது. மூஞ்சி தெரியிற பக்கம்தானே மூஞ்சின்னு, அந்தப் பக்கத்துல நடுவிரலால நல்லா அழுத்தி ஒரு சந்தனப் பொட்டு, அதுக்கு மேல குங்குமம். அபுதாகிர் வாயில வடையோட வந்து, பாக்காமலே உள்ள தள்ளிட்டான்.

கருப்புத் திரையில வெள்ளை எழுத்து ஓடுச்சு. கரண்டை நிறுத்தாதேன்னு கொட்டை எழுத்துல ஒரு வரி வந்துச்சு. அதுக்குக் கீழ நீலக் கட்டம் வரிசையா நிறைய ஆரம்பிச்சு, திரையோட வலது ஓரத்துக்கு வந்து, அங்க நிக்காம, மேசைக்கு இறங்கிச் சுவத்துல ஏறிக் கதவைத் தாண்டுச்சு. பொட்டைப் பத்தி அப்புறம் தெரிஞ்சதும் அபுதாகிர் தலையில அடிச்சுக்கிட்டான். "அத்தை, அந்தப் பக்கத்தைத்தானே அது படிக்கும்!" அத்தை கொஞ்சமும் அசரல. "படிக்கிறதுக்கு வச்சா என்ன, நல்லாப் படிக்கட்டுமே"ன்னுச்சு.

"இது எப்படா முடியும்?"னு ராணி கேட்டா.

"எனக்கென்னக்கா தெரியும். முடியிற வரைக்கும் கரண்டை நிறுத்தாதேன்னு போட்டிருக்கு, நான் நிறுத்த மாட்டேன்"னுட்டு அவன் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்.

அதுக்கப்புறம் கோடு எங்க பிழைப்புல ஒண்ணாப் போச்சு. அது பாட்டுக்கு வீட்டுக்கு வீடு போச்சு, தகரத்துல போச்சு, கீத்துல போச்சு, காத்துல படபடன்னு அடிக்கிற தார்ப்பாய்லயும் அதோட சேந்து ஆடி ஆடிப் போச்சு, உள்ள புகுந்து சாமி படத்துக்கும் ரேஷன் அரிசி மூட்டைக்கும் நடுவுல வளைஞ்சு பின்வாசல் வழியா வெளிய வந்துச்சு. தொட்டா அப்பத்தான் தேச்சு மடிச்ச சட்டை மாதிரி கதகதன்னு இருக்கும். மார்கழிக் குளுருக்குப் பொங்காத என் மாவு, கோட்டை ஒட்டி வச்ச அன்னைக்குப் பொங்கிப் பாத்திரத்துக்கு வெளிய வந்து நின்னுச்சு. மழைநாள்ல பிள்ளைங்க யூனிபாரத்தை அதுலதான் காயப் போட்டோம். கைக்குழந்தைக்காரிங்க தொட்டிலை அது பக்கமா மாத்திக் கட்டுனாங்க. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி ரெண்டு பேரு வீட்டு நடுச்சுவத்துல கோடு போனப்ப, கட்டம் என் பக்கம்தான், இல்ல என் பக்கம்தான்னு சண்டை போட்டு, அந்தச் சண்டையில பேச ஆரம்பிச்சு, இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒருத்தர் சூடம் கொளுத்தப் போனாரு, இன்னொருத்தர் சிலுவை போட்டாரு, மேலத்தெரு பாய்மாரு இது நல்லதில்லையேன்னு முணுமுணுத்தாங்க. அபுதாகிர் வந்து, டிஸ்க்குக்குச் சூடு ஆகாது, யாரும் எதையும் கொளுத்தாதீங்கன்னு சொன்னதும் மூணு தரப்பும் சமாதானமாப் போயிட்டாங்க.

அது யாரு வீட்டுல ஏறும், யாரு வீட்டுல ஏறாதுங்கிறதும் பைய்யப் பைய்யப் புரிஞ்சுது. கவுன்சிலர் எங்க காலனியில ஒரு வீடு கட்டிப் பூட்டுப் போட்டு, வாசல்ல தன் பேரை எழுதி வச்சிருந்தாரு, நாளைக்குப் பட்டா கிட்டா குடுத்தா வாங்கிக்கலாம்னு. கோடு அந்த வீட்டு மூலை வரைக்கும் வந்துச்சு, அங்க இருந்து ஒரே தாவு, அந்தரத்துல போய் அடுத்த வீட்டுச் சுவத்துல உக்காந்துக்குச்சு. கவுன்சிலர் வந்து கத்துனாரு. "நான் இந்த வார்டுக்கே கவுன்சிலரு!" கோடு அதைக் காதுல போட்டுக்கல. ஆளில்லாத வீட்டை அது தாண்டிப் போகும், ஆள் இருக்க வீட்டுல ஆளோட படம் டிஸ்க்குல இருந்தாத்தான் முன்னேறும்.

இது மேலத்தெருக் கதீஜா வீட்டு வாசல்ல தெரிஞ்சுது. அங்க வந்த கோடு நின்னது நின்னபடியே இருந்துச்சு. ராணி வந்து பாத்தா, உள்ள பொறந்து வாரம் ஆகாத பிள்ளை. நாப்பது நாள் கழியாமப் பிள்ளையைப் படம் எடுக்கிறது அவுங்க வீட்டுல வழக்கமில்ல. எடுத்துக் கம்ப்யூட்டருல ஏத்துனாக் கோடு நகரும், எடுக்கலைன்னா நிக்கும். அந்த நேரம் பாத்துத்தான் கரண்டு ஆபீஸ்காரங்க ஏணியோட வந்து, மேல இருந்து உத்தரவுன்னு காலனிக்குப் போற கம்பியைத் துண்டிச்சுட்டுப் போனாங்க.

கதீஜா மாமியார் பதறிப் போய், "நம்மளால எல்லாருக்கும் கஷ்டமா? எடுத்துருங்கம்மா"ன்னு பிள்ளையைத் தூக்கிட்டே வந்துட்டாங்க. ராணி கேமராவைக் கையில எடுத்தா, எடுத்துட்டுக் கீழ வச்சுட்டா.

"நாப்பது ஆகட்டும்மா. அவன் ஏணி வச்சு ஏறுனான்னு நம்ம வழக்கத்தை எறக்க முடியுமா? கரண்டை நாங்க பாத்துக்கிறோம், நீங்க பிள்ளையைப் பாத்துக்கோங்க."

கம்ப்யூட்டருக்கு அடியில இருந்த யு.பி.எஸ். பேட்டரி கீ கீன்னு கத்தி ஓயுறதுக்குள்ள, மைக்செட் துரைச்சிங்கம் ஜெனரேட்டரைக் கொண்டாந்து ஸ்டுடியோ வாசல்ல இறக்குனான். அதுக்கு ராப்பகலா டீசல் ஊத்தக் காசு எங்க இருக்கு, அதனால ஆட்டோக்காரங்க ராத்திரி வண்டியை நிறுத்துனதும் பேட்டரியைக் கழட்டிக் குடுத்தாங்க, காலையில வாங்கி மாட்டிக்கிட்டுப் போனாங்க. அந்த மாசம் எங்க காலனியில நடந்த கல்யாணத்துல பாட்டு இல்ல, சீரியல் பல்பு இல்ல. பொண்ணோட அப்பா வாசல்ல நின்னு வந்தவங்ககிட்டயெல்லாம், "கம்ப்யூட்டருக்குக் குடுத்திருக்கோம்"னு பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தாரு. எங்க வீட்டுலயெல்லாம் சிமினி விளக்கு, அவ ஸ்டுடியோவுல மட்டும் ஃபேன் சத்தம். ஒருத்தர் முகம் சுளிக்கணுமே! கரண்டை வெட்டுனா எலி மாதிரி வளையை விட்டு வெளிய ஓடிருவோம்னு நினைச்சாங்க, நாங்க இருட்டுக்குள்ள உக்காந்து எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டோம். பிள்ளைக்கு நாப்பது முடிஞ்சு தலைக்கு ஊத்தி மை வச்ச பெறகு ராணி படம் எடுத்தா, வயரைச் சொருகிக் கம்ப்யூட்டருல ஏத்துனா, புதுசா குடுத்தா டிஸ்க்கு உள்ள வாங்கிக்கும், இருக்கதைத்தான் காட்டாது, கோடு கதீஜா வாசலைத் தாண்டுச்சு. அன்னைக்கு அவுங்க வீட்டுல இருந்து காலனி பூராவுக்கும் பிரியாணி.

கேஸு கோர்ட்டுக்கு வந்தப்ப சர்க்கார் வக்கீல், இவுங்க சாட்சின்னு சொல்ற படமெல்லாம் எங்கன்னு கேட்டாரு. எங்க வக்கீல், இருக்கு, அப்டேட் ஆகிக்கிட்டிருக்குன்னாரு. எவ்வளவு ஆகியிருக்குன்னு நீதிபதி கேட்டாரு. மூணாவது தெரு முடிஞ்சு நாலாவது தெருவுல குழாயடிகிட்ட வந்திருக்குங்கன்னாரு. நீதிபதி நேர்ல வந்து பாத்தாரு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தாரு, என் கடையில மோர் குடிச்சாரு, போய்த் தீர்ப்பு எழுதுனாரு. அப்டேட் முடியிற வரைக்கும் கரண்டை நிறுத்தக் கூடாது, கோடு போன சுவத்தையும் போகப் போற சுவத்தையும் அதிர வைக்கக் கூடாது, முடிஞ்ச பெறகு மேல பாத்துக்கலாம். மறுநாளே கம்பியைத் திரும்ப மாட்டிட்டுப் போனாங்க, அதே ஏணி.

நாங்க வெடி போட்டோம். வக்கீல் மட்டும் வெடிக்குக் காதைப் பொத்திக்கிட்டு எங்களை உக்கார வச்சுச் சொன்னாரு. "நல்லாக் கேட்டுக்கோங்க. சட்டம் இப்ப மாறிப் போச்சு. நூறு வருஷமா இருந்தாலும் கம்மா கம்மாதான்னுட்டாங்க. அந்தப் படங்க இனிமே கேஸுக்கு உதவாது. அப்டேட் முடியாத வரைக்கும்தான் உங்களை யாரும் தொட முடியாது. முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே இடிக்கிற வண்டி உள்ள வரும்."

அதுக்கு முன்னாடி வேகமாப் போ வேகமாப் போன்னு கோட்டைத் தட்டிக் குடுத்த அதே வாய், அன்னையில இருந்து மெதுவாப் போ சாமின்னுச்சு. அது எங்க கேக்குது? எல்லாரு படமும்தான் டிஸ்க்குல இருக்கே. நாலாவது தெரு முடிஞ்சுது, கரையோரம் முடிஞ்சுது, சுத்தி வளைஞ்சு ஸ்டுடியோவோட மறுபக்கச் சுவத்துக்கு வந்துச்சு. கம்மாக்கரை மேல ஜே.சி.பி. கொண்டாந்து நிறுத்துனாங்க, டிரைவர் அதுக்கு எலுமிச்சம்பழம் கட்டுனான். நாங்க பாத்திரத்தைச் சாக்குல போட்டுக் கட்ட ஆரம்பிச்சோம். சொல்றதுக்கு என்ன வெக்கம், நான் அந்தக் கொப்பரையைக் கட்டிப் பிடிச்சு அழுதேன்.

கோடு கதவு வரைக்கும் வந்து நின்னுருச்சு. கதவை ஒட்டி ஒரே ஒரு கட்டம், வெறும் கட்டம், நிறையாம.

ஒருநா பூரா பாத்தோம், மறுநாளும் பாத்தோம், நகரல. அபுதாகிர் வந்தான், திரையைப் பாத்தான், சுவத்தைப் பாத்தான், ராணியைப் பாத்தான். அப்புறம் மெதுவாக் கேட்டான்.

"ராணிக்கா, நீங்க எந்தப் படத்துலயாவது இருக்கீங்களா?"

ஆதாருக்கு எடுத்தது சர்க்கார் கம்ப்யூட்டருல கிடக்கு, இந்த டிஸ்க்குல அவ இல்ல. காலனியே இருக்கு, கதீஜா பிள்ளை வரைக்கும் இருக்கு, பொத்தானை அமுக்குனவ மட்டும் இல்ல. மொதல்ல துரைச்சிங்கம்தான் சிரிச்சான், அவனைப் பாத்துப் பூவாயி அத்தை சிரிச்சுச்சு, அப்புறம் தெருவே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு, சாக்கை அவுத்துப் பாத்திரத்தையெல்லாம் திரும்ப அடுக்குனோம். கேமராவை என் அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடுனேன். யாராவது பென் டிரைவைக் கொண்டாந்து அவ படத்தைச் சொருகிறக் கூடாதேன்னு, கோயில் மெழுகுதிரியை உருக்கிக் கம்ப்யூட்டரு ஓட்டையையெல்லாம் அடைச்சான் துரைச்சிங்கம், முன்பக்கம் ஒண்ணை மட்டும் அவசரத்துக்குன்னு அபுதாகிர் விட்டு வைக்கச் சொன்னான்.

ராணி மட்டும் சிரிக்கல. நான் பாத்துட்டேன். கட்டம் நிறைஞ்சாத்தான் டிஸ்க்கு முழிக்கும், டிஸ்க்கு முழிச்சாத்தான் ஜெரால்டு முகம். காலனிக்கு அது நிறையவே கூடாது, அவளுக்கு அது இந்த நிமிஷமே நிறையணும். யாருக்கு நான் சொல்றது? அவ வழக்கம்போலக் காலையில கடை தொறப்பா, திரைக்கு முன்னாடி உக்காருவா, கரண்டை நிறுத்தாதேங்கிற அந்த ஒத்தை வரியைப் பாத்துக்கிட்டே இருப்பா. ஒருநா எங்கிட்ட, "மயிலு, அவனுக்கு எந்தப் பக்கத்துப் பல்லு இல்ல? எனக்கு மறந்து போச்சுடி"ன்னு கேட்டா. எனக்கும் ஞாபகம் வரல. வலதுன்னு சொன்னேன்.

ஆக்கிரமிப்பை எடுக்குறதுக்குன்னே போட்டிருந்த ஆபீசர் ஒருநா காலையில வந்தாரு. போலீஸைக் கரையிலயே நிறுத்திட்டுத் தனியா நடந்து வந்தாரு, செருப்பைக் கழட்டிட்டு ஸ்டுடியோக்குள்ள ஏறுனாரு. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன், நல்லவங்க வந்து நல்லபடியாப் பேசும்போதுதான் எனக்குப் பயம். காலனி மொத்தமும் வாசல்ல கூடிருச்சு.

பாக்கெட்டுல இருந்து ஒரு பென் டிரைவை எடுத்து அவ உள்ளங்கையில வச்சாரு.

"இதுல உங்க ஆதார் படம் இருக்கும்மா. நான் சொருக மாட்டேன், கோர்ட்டு உத்தரவு இருக்கு. நீங்களாச் சொருகுனா யாரும் கேக்க முடியாது. அந்தக் கட்டம் நிறைஞ்சுரும், உங்க டிஸ்க்கு தொறந்துரும். உங்க மகன் விஷயம் கேள்விப்பட்டேன். எனக்கும் அந்த வயசுல ஒருத்தன் இருக்கான்."

ராணி அந்தப் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"இவுங்களுக்கெல்லாம் ஊருக்கு வெளிய வீடு தர்றோம். உங்களுக்குக் கீழ்த்தளமே தரச் சொல்றேன். எதுக்கும்மா நீங்க மட்டும் அந்தப் பிள்ளை முகத்தைப் பாக்காம உக்காந்திருக்கணும்? பாக்கணும்னு ஆசை இல்லையா?"

"இருக்கு சார்"னா. "எனக்கு வேற ஆசையே இல்ல."

அவ அந்தப் பென் டிரைவோட மூடியைக் கழட்டுனா. மெழுகு அடைக்காத அந்த ஒத்தை ஓட்டை அவ முழங்கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. துரைச்சிங்கம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கதீஜா இடுப்புல இருந்த பிள்ளையைத் தோளுக்கு மாத்துனா. வேண்டாம்னு ஒருத்தர் சொல்லல. எந்த வாயால சொல்றது? எங்க பிள்ளைங்க எங்க மடியில இருக்கு. அவ சொருகுனாலும் அவளை நாங்க ஒரு சொல்லு சொல்லியிருக்க மாட்டோம், இது சத்தியம்.

அவ எந்திரிச்சு வாசலுக்கு வந்து தெருவைப் பாத்தா. குழாயடி வரைக்கும் பாத்தா.

"சார், இந்தா இந்த வாசல்ல இருந்து அந்தக் குழாய் வரைக்கும் டயர் உருட்டிக்கிட்டு ஓடுவான். அந்தா, அந்தத் திருப்பத்துல விழுந்துதான் பல்லு போச்சு. படத்தை நீங்க எனக்குத் தந்துருவீங்க. தெருவை இடிச்சுட்டு, அவன் எங்க விழுந்தான்னு நான் யாருக்குக் காட்டுவேன்? ஊருக்கு வெளிய, அவனைத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லாத எடத்துல, அந்தப் படத்தை எந்தச் சுவத்துல மாட்டி, யாருகிட்ட இவன் என் மகன்னு சொல்லுவேன்? இங்க படம் இல்லாமலே எல்லாருக்கும் அவனைத் தெரியும் சார். மயிலுக்கு வலதுபக்கப் பல்லுன்னு தெரியும்."

எனக்குத் தாங்கல. ஓன்னு அழுதுட்டேன்.

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாரு ஆபீசர்.

"யோசிச்சுட்டேன்." அவ திரும்பினா. "பூவாயித்தை, சந்தனம் இருக்கா?"

அத்தைக்கு ஒரு நொடியில புரிஞ்சுருச்சு, அந்த வயசுல அப்படி ஒரு ஓட்டம் ஓடி நான் பாத்ததில்ல, கிண்ணத்தோட வந்து நின்னுச்சு. ராணி பென் டிரைவோட மூஞ்சியை, அந்த ஓட்டைக்குள்ள போற மூஞ்சியை, சந்தனத்துல அமுக்கி எடுத்தா. அதுக்கு மேல ஒரு குங்குமப் பொட்டு வச்சா. ஊதிக் காய வச்சா. ரெண்டு கையாலயும் ஆபீசர்கிட்ட நீட்டுனா.

"புதுசா எது வந்தாலும் எங்க காலனியில பொட்டு வைக்காம அனுப்ப மாட்டோம் சார். கொண்டு போங்க."

மனுஷன் வாங்கிக்கிட்டாரு. சிரிக்கிறதா கோவப்படுறதான்னு தெரியாம, பாக்கெட்டுல போட்டாச் சட்டையில கறை ஆகுமேன்னு விரல் நுனியில பிடிச்சுக்கிட்டே கரை வரைக்கும் நடந்து போனாரு. துரைச்சிங்கம் மைக்கைப் போட்டுட்டான், யாரு கல்யாணமும் இல்ல, சும்மா ஒரு நாதஸ்வரம்.

அவுங்க போன பெறகு ராணி என் கடைப் பெஞ்சுல உக்காந்து, நாள் பூரா அழுதா. நாங்க தடுக்கல. அழுது முடிச்சு மூஞ்சியைக் கழுவிட்டு, ஸ்டுடியோ வாசல்ல போய் அந்த வெறும் கட்டத்துல உள்ளங்கையை வச்சு, "எலே ஜெரால்டு, உள்ளயே இருடா. அம்மா வாசல்லதான் நிக்கிறேன்"னு சொன்னா. எல்லாருக்கும் கேக்குற மாதிரித்தான் சொன்னா.

இன்னைக்கும் அந்தக் கட்டம் அப்படியேதான் இருக்கு. கம்ப்யூட்டரு ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு, நாலு தெருவுலயும் சுவரு கதகதன்னு இருக்கு, மாவு பொங்குது. ஜே.சி.பி. கரையில நிக்குது, அதுல கட்டுன எலுமிச்சம்பழம் காஞ்சு கருத்துப் போச்சு. வேற ஆபீசர் மாறி வந்திருக்காராம், அவரு புது மாதிரி பென் டிரைவு கொண்டு வரப் போறாராம்னு பேசிக்கிறாங்க. வரட்டும். சந்தனம் அரைச்சு வச்சிருக்கோம்.